ஒரே உறைக்குள் இரண்டு பேர்

அந்த மூட்டைக்குள் அரிசி இல்லை. கல் இருந்தது. எத்தனை தடவை சொன்னாலும் கடைக்கார ரோதாவின் காதில் ஏறாது. அவளை விடுங்கள், நீங்களாவது கேளுங்கள். தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் லேமாஸ் வீட்டு வாசலில் ஓர் அரிசிச் சாக்கு புடைத்துக்கொண்டு நின்றது உண்மை. வெளியூர் வேட்பாளரின் ஆட்கள் கரையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு அரிசி இறக்கினார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துத் தைத்து, லேமாஸ் அரிசி வாங்கிக்கொண்டு தன் ஓட்டைப் பாழாக்கினாள் என்று கதை கட்டினார்களே, அதுதான் பொய். அந்தச் சாக்கே ரோதாவின் கடையில் காலியாகிக் கிடந்த சாக்கு. கேட்டு வாங்கிப் போனதும் ரோதாவிடம்தான். உள்ளே இருந்தவை ஆற்றின் வாய்க்குப் போய்ப் பொறுக்கி வந்த கறுப்புக் கற்கள், நெருப்பில் வெடிக்காத ஜாதி. எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் இரக்கப்படுகிறவர்கள். பாவம், அறுபது வயது, எழுதப் படிக்கத் தெரியாதவள், தடுமாறி இரண்டு தாளைப் போட்டுவிட்டாள் என்கிறார்கள். ரோதாவின் பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த இரக்கத்தைப் பொறுக்க முடியாது. இந்த ஏமாவே ஊரில், ஏன், எஃபாத்தே தீவின் வடகரை முழுவதிலும், பெண்களுக்கு ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்ததே லேமாஸ்தான்.

அது சுதந்திரத்துக்கு முந்தின வருடம். நம்முடைய தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித் தாள். அதில் அவர் முகமும் கட்சிச் சின்னமும் இருக்கும். மறைப்புக்குப் பின்னால் போய், வேண்டியவரின் தாளை உறைக்குள் வைத்து, வேண்டாதவர்களைக் கூடையில் போட்டுவிட்டு வர வேண்டும். அப்போது யாருக்கும் பழக்கமில்லை. லேமாஸ் கோவில் காணிக்கை உறைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பழைய பத்திரிகையிலிருந்து யார் யாருடைய முகத்தையோ வெட்டிக்கொண்டாள். கிழங்குத் தோட்டத்திலும் ஆற்றுத் துறையிலும் பெண்களை உட்காரவைத்துப் பழக்கினாள். "ஒரு உறை, ஒரு தாள். ரெண்டு போட்டா ஒண்ணுமே போடாத மாதிரி. புரிஞ்சுதா? எங்க, நீ போட்டுக் காட்டு" என்று ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்பாள். ரோதாவும் அப்படிக் கற்றவள்தான். மூன்று தடவை தப்பாகப் போட்டு, நான்காம் தடவை சரியாகப் போட்டவள்.

ஆகவே லேமாஸ் தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்லக் கூடாது. தெரிந்துதான் செய்தாள். ஏன் செய்தாள் என்பதற்கு அந்தக் காலத்துக்குப் போக வேண்டும்.

பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சேர்ந்து நம்மை ஆண்ட காலம். எல்லாமே இரண்டு. இரண்டு போலீஸ், இரண்டு சிறை, இரண்டு ஆஸ்பத்திரி. எந்தச் சிறையில் சோறு நன்றாக இருக்கும் என்று கோழி திருடுகிறவனுக்குக்கூடத் தெரியும். ஒரு கோழி காணாமல் போனால் இரண்டு போலீசும் வந்து எழுதிக்கொண்டு போவார்கள், கோழி மட்டும் வராது. பள்ளிக்கூடமும் இரண்டு. குன்றின் மேல் இங்கிலீஷ் பள்ளி, கடற்கரையில் பிரெஞ்சுப் பள்ளி.

லேமாஸின் அக்கா சுரத்தில் இறந்தபோது அவள் மகன் சிலாஸுக்கு நான்கு வயது. லேமாஸின் சொந்த மகன் ஓபெத்துக்கு இரண்டு. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே பாய், ஒரே அம்மா. சிலாஸ் அவளை வேறு முறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பள்ளிக்கு அனுப்பும் வயது வந்தபோது, லேமாஸும் அவள் புருஷன் கல்தோயும் அந்தக் காலத்தில் பல வீடுகளில் செய்ததையே செய்தார்கள். பெரியவனைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள், சின்னவனைக் குன்றின் மேல் அனுப்பினார்கள். "எந்த ராசா தங்கினாலும் அவன்கிட்டப் பேச நம்ம வீட்டுல ஒரு ஆள் வேணும்ல" என்றான் கல்தோய். லேமாஸுக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. காலையில் வாசலில் நின்று ஒருவனை மேலே தள்ளிவிடுவாள், ஒருவனைக் கீழே தள்ளிவிடுவாள்.

சாயங்காலம் இரண்டும் இரண்டு பாட்டோடு வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்கே இரண்டும் அடித்துக்கொள்ளும். லேமாஸ் அடுப்புக் கற்களைத் தள்ளி, லாப்லாப் பொதியை எடுத்து இலையைப் பிரிப்பாள். துருவின வாழைக்காயும் தேங்காய்ப் பாலும் ஒன்றாக வெந்து, நடுவில் கோழி ஊறிக் கிடக்கும். அந்த வாசனையில் இரண்டு மொழியும் அடங்கிப்போகும். ஓர் இலை, இரண்டு பக்கமும் இரண்டு தலை. கோழிக்கால் யாருக்கு என்பதில் மட்டும் சண்டை வரும். அந்தச் சண்டை நம்முடைய சொந்தப் பேச்சில் நடக்கும்.

பிறகு கட்சி வந்தது. சங்குக் கட்சி. ஊர்க்கூட்டத்துக்குக் கல்தோய்தான் சங்கு ஊதிக்கொண்டிருந்தான். அதனால் எங்கள் ஊர்க் கிளைக்கு அவனே சங்கு, அவனே தச்சன். பெண்கள் சமைத்து விற்ற காசில் சாலையோரம் கட்சிக்கென்று சங்கு வீடு எழும்பியது. உடைந்துபோன ஒரு படகின் பலகையை இழைத்துக் கல்தோய் அதற்குக் கதவு செய்தான். கதவில் சங்கு வரைந்தது சிலாஸ். அதன் கீழே எழுத்து எழுதியது ஓபெத். லேமாஸ் பின்பக்கம் அடுப்புக் குழி வெட்டினாள்.

சுதந்திரத்துக்கு முந்தின அந்தத் தேர்தல் வருடத்தை நினைத்தால் லேமாஸ் இன்றும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். ஒரே லாரி, அதற்கு மூன்று கியர்தான் வேலை செய்யும். பிரெஞ்சுப் பள்ளி இருந்த ஊர்களுக்கு வந்தால் சிலாஸ் லாரி மேல் ஏறிப் பேசுவான். இங்கிலீஷ் பள்ளி இருந்த ஊர்களில் ஓபெத் பேசுவான். பத்தொன்பதும் பதினேழுமாக இரண்டு பேர். ஒருவன் பேசும்போது மற்றவன் கீழே நின்று தண்ணீர் வைத்திருப்பான். மற்றக் கட்சிக்காரர்கள் ஒரு கரையில் செல்லுபடியானால் மறு கரையில் செல்லாமல் போவார்கள். சங்குக்கு மட்டும் இரண்டு வாய். "லேமாஸ் அக்கா, எப்படித்தான் முன்னாடியே யோசிச்சியோ" என்று ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். அவளும் யோசித்தவள்போலவே தலையை ஆட்டிக்கொண்டாள்.

சுதந்திர நாளன்று கொடி ஏறியதை அவள் பார்க்கவில்லை. இருபத்தாறு குழி அடுப்பு, தீவெங்கும் இருந்து வந்த சனம், அவள் கையில் கல் புரட்டும் கவட்டை. கல்தோயின் சங்குச் சத்தம் மட்டும் கேட்டது. புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, சிலாஸும் ஓபெத்தும் தோளில் கைபோட்டபடி ஓடிவந்து, "அம்மா, ஏறிடுச்சு, ஏறிடுச்சு" என்றார்கள். கொடியைப் பார்க்கவில்லையே என்று அவள் வருத்தப்பட்டதே இல்லை. அந்த இரண்டு முகங்களைப் பார்த்தாள், போதாதா?

அதற்குப் பின் நடந்தது உங்களுக்கும் தெரிந்ததுதான். நம்முடைய நாடு சின்னது. மந்திரி என்றால் யாரோ ஒருத்தியின் வீட்டில் வளர்ந்த பையன். சிலாஸ் மந்திரியானான், ஓபெத் கட்சிச் செயலாளரானான். சில வருடங்கள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஆட்சியைக் கவிழ்க்கிற வியாதி பிடித்தது. காலையில் ஒருவர் பிரதமர், சாயங்காலம் வேறொருவர். வானொலியைக் கேட்காமல் யாரையும் மந்திரி என்று கூப்பிடப் பயமாக இருக்கும். கடைத்தெருவில் ஆள் வந்தால், "அய்யா இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். கல்தோய் அதற்கெல்லாம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். புண்ணியவான்.

கட்சித் தலைவர் நாற்காலி காலியானபோது சிலாஸ் தனக்கு என்றான், ஓபெத்தும் தனக்கு என்றான். ஒரு மழைக்காலம் முழுவதும் கூட்டம் கூட்டமாகப் பேசி, கடைசியில் சிலாஸ் சிவப்புச் சங்கு, ஓபெத் வெள்ளைச் சங்கு என்று பிரிந்தார்கள். சங்கு வீட்டுக்கு நடுவே பலகைச் சுவர் எழும்பியது. அளந்து பாதியாகப் பிரித்ததில், சுவர் நேராகக் கல்தோய் செய்த கதவின் நடுவில் வந்து முட்டியது. அந்தக் கதவை இரண்டு பக்கத்தாருமே திறக்க முடியவில்லை. ஆணி அடித்துவிட்டார்கள். இடது பக்கம் சிவப்புக் கதவும் வலது பக்கம் வெள்ளைக் கதவும் புதிதாக வெட்டினார்கள். லேமாஸ் எந்தக் கதவிலும் நுழையவில்லை. பின்பக்க அடுப்படி வழியாகக் குனிந்து போய்க் குனிந்து வந்தாள்.

இரண்டு பக்கத்துக்கும் அவளே சமைத்தாள். ஒரே குழி, இரண்டு இலை. அந்த இலையில் கோழி அதிகமா என்று சிவப்பிலிருந்து ஒருவன் எட்டிப் பார்ப்பான், இந்த இலையில் அதிகமா என்று வெள்ளையிலிருந்து ஒருவன். மெத்தப் படித்தவர்கள். அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒருநாள் சிலாஸ் அடுப்படி ஓரம் வந்து நின்று, "சின்னம்மா, தண்ணி குடு" என்றான். நாற்பது வருடத்தில் முதல் தடவையாகச் சின்னம்மா. அவன் கேட்ட தண்ணீரைக் கொடுத்தாள். அன்று கல்லில் கை சுட்டுக்கொண்டாள்.

தேர்தல் வந்தது. இரண்டு பேரும் ஒரே தொகுதியில் நின்றார்கள். தனித்தனியே வந்து ஓட்டுக் கேட்டார்கள். "சாப்டியா?" என்று மட்டும் அவள் இரண்டு பேரையும் கேட்டாள். இரண்டு பேரும் அவசரமாகப் போக வேண்டும் என்றார்கள்.

ஓட்டுப் போடுகிற நாளன்று விடியலிலிருந்து அவள் வாழைக்காய் துருவிக்கொண்டிருந்தாள். கறை படிந்த கையோடுதான் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மறைப்புக்குப் பின்னால் மூன்று தாள். வெளியூர்க்காரனைக் கூடையில் போட ஒரு கணமும் ஆகவில்லை. மற்ற இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிலாஸ் படத்தில் சிரிக்கவே இல்லை. ஓபெத்தின் சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது, படம் எடுக்கும்போது சரிசெய்ய ஆளில்லை. வெளியே வரிசையில் ரோதா, "என்னக்கா, உள்ள சமையலா?" என்று சத்தமாகக் கேட்டதும் அவள் காதில் விழுந்தது. ஒரு தாளைக் கூடையில் போட வேண்டும். எந்த முகத்தைக் குப்பைக்கூடையில் போடுவது? முகத்தோடு முகம் பொருந்த இரண்டு தாளையும் சேர்த்து மடித்து உறைக்குள் வைத்தாள். பெட்டியில் போட்டுவிட்டு வந்து மறுபடி வாழைக்காய் துருவினாள்.

சாயங்காலம் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார்கள். நடுவில் ஓர் உறையைத் திறந்தபோது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தன. அதிகாரி பிரித்துப் பார்த்து, செல்லாது என்று ஓரமாக வைத்தார். யாரோ சிரித்தார்கள், அவ்வளவுதான். எண்ணி முடித்தபோதுதான் சிரிப்பு நின்றது. எங்கள் ஊரில் சிவப்பு எண்பத்தெட்டு, வெள்ளை எண்பத்தெட்டு. எல்லாரும் திரும்பி அந்த ஒற்றை உறையைப் பார்த்தார்கள். அதன் மேல் கறுப்பாக ஒரு கட்டைவிரல் அடையாளம். வாழைக்கறை. பிறகு எல்லாரும் லேமாஸின் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

தொகுதியில் வெளியூர்க்காரன் ஜெயித்தான் என்று மறுநாள் காலை வானொலி சொன்னது. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் அவ்வளவு வருத்தமில்லை. சொந்த ஊரில் மற்றவனை ஜெயிக்க முடியவில்லையே என்பதுதான் வருத்தம். சிவப்பு அவளால் தோற்றது, வெள்ளையும் அவளால் தோற்றது. அரிசிக் கதை அப்போதுதான் கிளம்பியது.

ஆனால் அன்று விடியற்காலையில் அவள் எங்கே இருந்தாள்? ஆற்றின் வாயில், முழங்கால் தண்ணீரில், கல் பொறுக்கிக்கொண்டு. சமமாக வந்ததே நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. ஜெயித்தவன் இல்லை, தோற்றவனும் இல்லை. இப்போதாவது உட்கார்ந்து சமாதானம் பேசலாம். ஊர்த்தலைவர் கல்பாவுவிடம் போய்க் கேட்டாள். பன்றியும் பாயும் மாற்றிக்கொண்டு, ஒரே லாப்லாப்பில் கை வைத்துச் சாப்பிட்டுவிட்டால் நம்முடைய வழக்கப்படி சண்டை முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பேசுகிறவனுக்குத்தான் அபராதம். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிற அளவுக்கு ஒரு லாப்லாப் வேண்டாமா? ஊரே பார்க்க, இரண்டாக வெட்டாத ஒரே இலை. அதற்குப் பெரிய குழி வேண்டும், புதுக் கல் வேண்டும். ரோதாவின் சாக்கில் வந்தது அந்தக் கல்தான்.

ஞாயிற்றுக்கிழமை, கோவில் முடிந்து மதியம் வந்தது. தலைவர் சொல்லி, சங்கு வீட்டின் நடுப்பலகைகளைப் பிடுங்கியிருந்தார்கள். கல்தோயின் கதவில் இருந்த ஆணிகளையும் பிடுங்கினார்கள். கதவு முனகிக்கொண்டு திறந்தது. பாய்களை மடித்து வைத்திருந்தார்கள், பன்றிகள் வெளியே கட்டிக் கிடந்தன. லாப்லாப் நடுவில், இலை மூடியபடி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சிலாஸ் ஒரு பக்கம், ஓபெத் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். லேமாஸ் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் மடிப்பைப் பிரித்தாள். வாசனை எழும்பியது. சிலாஸின் தொண்டை ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

அப்போது ஓபெத் ஒரு காகிதம் வேண்டும் என்றான். சமாதானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கட்சிக் குழு ஏற்கும் என்றான். பள்ளி ஆசிரியர் பேனாவை எடுத்தார்.

"இங்கிலீஷ்ல எழுதுங்க சார். அப்பதான் பத்திரிகையில போடுவான்" என்றான் ஓபெத்.

"பிரெஞ்சுல எழுதட்டும்" என்றான் சிலாஸ். "படிக்கத் தெரியாத காகிதத்துல நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

"உனக்கு இங்கிலீஷ் தெரியாதாக்கும்? மந்திரியா இருந்தப்ப ஆஸ்திரேலியாக்காரன்கிட்ட என்னத்துல பேசின?"

"நீ நூமியா போனப்ப அங்க பிரெஞ்சுக்காரன்கிட்ட என்னத்துல கெஞ்சினியோ, அத இங்கயும் எழுது."

நம்முடைய பேச்சிலேயே எழுதிவிடலாமே என்றார் தலைவர். அது சட்டப்படி நிற்காது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். சரி, இரண்டிலும் எழுதுவோம் என்றார் ஆசிரியர். அப்படியானால் எது மேலே, எது கீழே என்று தொடங்கியது. ஆவி குறைந்துகொண்டே வந்தது. கேட்கக் கேட்க லேமாஸுக்குத் தன் வீட்டு வாசல் தெரிந்தது. மேலே ஒருவனைத் தள்ளிவிடுகிற கை, கீழே ஒருவனைத் தள்ளிவிடுகிற கை. இரண்டும் அவளுடைய கை.

"எல்லாம் அந்த ஒரு உறையால வந்தது" என்றான் ஓபெத், அவளைப் பார்க்காமல்.

"அந்த உறை என்னோடதுதான்" என்றாள் லேமாஸ்.

வாசலில் நின்ற ரோதா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அரிசிக்காகவும் இல்ல, கண்ணு தெரியாமலும் இல்ல. ரெண்டு பேரையும் தெரிஞ்சுதான் ஒண்ணா வச்சேன். பெட்டியத் திறக்கிற வரைக்காவது அதுக்குள்ள சண்ட போடாம இருந்தீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்கள ரெண்டு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது நான். அந்தத் தப்புக்கு என் ஓட்டக் குடுத்தேன். இனிமே குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க மேலயும் கீழயும் எழுதிக்கிட்டே இருங்க."

பிரித்த மடிப்பை மறுபடி மூடினாள். சூடு பொறுக்கத் துணியைச் சுற்றி, அந்தப் பெரிய பொதியை அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். ஊரில் அவளைப் போலத் தூக்குகிறவள் இன்னொருத்தி கிடையாது. அடுப்படி வழியாகப் போகவில்லை. சிவப்பு வழியாகப் போனாள் என்பான் ஒருவன், வெள்ளை வழியாகப் போனாள் என்பான் இன்னொருவன், இரண்டும் பொய். நடுவிலிருந்த கல்தோயின் கதவு வழியாக, சுமையோடு தலை நிமிர்ந்து, சாலைக்கு இறங்கினாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த சனம் அவளுக்கு வழிவிட்டது.

"அம்மா" என்றான் சிலாஸ்.

அவள் திரும்பவில்லை. உள்ளே இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து கதவு வரைக்கும் வந்தார்கள். கல்தோய் ஓர் ஆள் போகிற அளவுக்குத்தான் அதைச் செய்திருந்தான். யார் முதலில் வெளியே போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.